பள்ளி பஸ் ரூட் மென்பொருளில் பேட்ச் வேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் சில தனியார் பள்ளிகளின் டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு ரூட் மென்பொருளைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் இரண்டாம் வாரம் வரை போனில் வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். மென்பொருளுக்கு மென்பொருள் மெனுவின் பெயர் மாறும், வேலை மாறாது.

பேட்ச் கருவி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மாணவியின் பக்கத்தைத் திறந்து, ஸ்டாப்பிங்கை மாற்றிச் சேமித்தால் அது கைவேலை. பள்ளியில் பஸ்ஸில் வரும் 1,400 பிள்ளைகளுக்கும் ஒரே கட்டளையில் வகுப்பை ஏற்றினால் அது பேட்ச். புது அட்மிஷன் பட்டியலை எக்செல்லில் இருந்து உள்ளே இழுப்பது, முகவரிகளை மொத்தமாக வரைபடத்தில் பொருத்துவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்து ஸ்டாப்பிங்கைக் கொடுப்பது, ஸ்டாப்பிங் நேரங்களைத் திரும்பக் கணக்கிடுவது, ஆளே இல்லாத ஸ்டாப்பிங்குகளை நீக்குவது எல்லாம் இந்த வகைதான்.

கையாலேயே செய்துவிட்டால் பாதுகாப்பு இல்லையா?

முப்பது பிள்ளைகள் என்றால் கையாலேயே செய்யுங்கள். ஆயிரம் பேருக்குக் கையால் செய்தால் மூன்றாம் நாள் கண் சோர்ந்து, யாருடைய வரியில் யாருடைய ஸ்டாப்பிங்கைப் போட்டோம் என்றே தெரியாது. பேட்ச் தப்பு செய்தால் எல்லா வரியிலும் ஒரே மாதிரி செய்யும். அதனால் கண்டுபிடிப்பது சுலபம். கைத்தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஆகஸ்டில்தான் தெரியவரும்.

ஓட்டுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பேக்கப். எடுத்தால் போதாது, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் கோப்பு ஒன்று ஒரு பள்ளியில் இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் எடுக்கப்பட்டிருந்தது.

அடுத்தது எண்ணிக்கை. மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்கு ஸ்டாப்பிங் இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை, ஒவ்வொரு பஸ்ஸிலும் எத்தனை பேர் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். திரையில் பார்த்து மனதில் வைத்துக்கொள்வது வேலைக்கு ஆகாது. ஓட்டி முடித்ததும் அதே எண்களைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். 1,412 இருந்த இடத்தில் 1,409 வந்தால் அந்த மூன்று பேரும் யார் என்று பெயர் சொல்லத் தெரியும்வரை சீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.

மூன்றாவதாக, பெற்றோருக்குத் தானாகப் போகும் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் அறிவிப்பை நிறுத்தி வையுங்கள். பல மென்பொருள்களில் ஸ்டாப்பிங் மாறிய நொடியே செய்தி பறக்கும். ஒத்திகைக்காக ஓட்டியது ஆயிரம் வீட்டுக்குப் போய்விட்டால், மறுநாள் ஆபீஸ் போன் ஓயாது. அதைவிட மோசம், செய்தியை நம்பி நாலு பேர் தப்பான முனையில் பிள்ளையோடு நிற்பார்கள்.

கடைசியாக, ஒரே ஒரு பஸ்ஸை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ரூட்டாக இருக்கட்டும்.

புது வருடத்துக்கு எதை முதலில் ஓட்டுவது, எதைப் பிறகு?

வரிசை தப்பினால் சரியான கருவிகளே கெடுதல் செய்யும். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

மே மாதத்தில் முதல் வேலை, முடிந்த வருடத்தை அப்படியே காப்பகத்தில் வைப்பது. அப்புறம் டி.சி. வாங்கிப் போனவர்களைப் பட்டியலில் இருந்து எடுப்பது. எடுப்பது என்றால் அழிப்பது அல்ல, 'பயணத்தில் இல்லை' என்று குறிப்பது. பஸ் பீஸ் பாக்கி அந்த வரியோடு கட்டியிருக்கும். வரியை அழித்தால் அக்கவுண்ட்ஸில் இருந்து ஆள் வந்து நிற்பார்.

அதன்பிறகுதான் வகுப்பு ஏற்றம். இதைச் சில மென்பொருளில் ஒரே பொத்தான் பார்த்துக்கொள்ளும். வகுப்பு வகுப்பாக நீங்களே மாற்ற வேண்டியிருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் பன்னிரண்டாம் வகுப்பை வெளியே எடுங்கள், பிறகு பதினொன்றைப் பன்னிரண்டாக்குங்கள். கீழிருந்து தொடங்கி ஒன்றை இரண்டாக்கினால், அடுத்த கட்டளை 'இரண்டை மூன்றாக்கு' என்னும்போது சற்று முன் ஏறிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து ஏறும். அப்படியே ஏறிப்போய்ப் பள்ளி முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் நிற்கும். பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும் இதே கதைதான். எல்லாரும் இரண்டு வகுப்பு ஏறிவிடுவார்கள். அதனால் ஓட்டியதும் தேதி, நேரம், ஓட்டியவர் பெயர் மூன்றையும் சுவரில் ஒட்டிய தாளில் எழுதச் சொல்வேன்.

பத்தாம் வகுப்பை மட்டும் தனியாக நிறுத்தி வையுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு பாதிப் பேர் வேறு பள்ளிக்குப் போவார்கள், வேறு பள்ளியிலிருந்து புதிதாகச் சிலர் வருவார்கள். அவர்களை முன்கூட்டியே பதினொன்றுக்கு ஏற்றிவிட்டு பஸ்ஸில் இடம் இல்லை என்று தவிப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் முடிந்த பின் புது அட்மிஷன் இறக்குமதி, முகவரிப் பொருத்தம், ஸ்டாப்பிங் ஒதுக்கீடு, நேரக் கணக்கு. நேரக் கணக்கு எப்போதும் கடைசியில்தான். ஸ்டாப்பிங் மாறும்போதெல்லாம் நேரமும் மாறும்.

இறக்குமதி செய்ததும் எமிஸ் எண்கள் பல பிள்ளைகளுக்கு ஒன்றாக வருகின்றன. ஏன்?

எக்செல் செய்த வேலை. எமிஸ் எண் என்பது பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் அடையாள எண். அது 16 இலக்கமாக இருக்கும்போதுதான் இந்தச் சிக்கல். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். பதினாறாவது இலக்கத்தைச் சுழியம் ஆக்கிவிடும். ஒரே பள்ளியில் அடுத்தடுத்துப் பதிவான பிள்ளைகளின் எண்கள் கடைசி இலக்கத்தில்தான் வேறுபடும். அது சுழியமானால் பத்துப் பிள்ளைகள் வரை ஒரே எண்ணுக்குள் விழுவார்கள். இறக்குமதிக் கருவி அந்த எண்ணை அடையாளமாக வைத்து ஒருவர் மேல் ஒருவரை எழுதிக்கொண்டே போகும், கடைசியாக வந்தவர் மட்டும் மிஞ்சுவார்.

சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லின் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, எமிஸ் எண் இருக்கும் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். ஒரு முறை சுழியமாகிச் சேமித்துவிட்டால் அந்த இலக்கம் திரும்பி வராது, மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். எல்.கே.ஜி. அட்மிஷனில் பலருக்கு எமிஸ் எண் வந்திருக்காது என்பதால், பள்ளியின் அட்மிஷன் எண்ணையே முதல் அடையாளமாக வைப்பது நல்லது.

பிறந்த தேதியையும் பாருங்கள். 05/06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்பதை எக்செல் தன் விருப்பப்படி முடிவு செய்யும்.

ஒரே பிள்ளை இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. இரட்டைப் பதிவை நீக்கும் கருவியை நம்பலாமா?

கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். சேர்ப்பதை ஆள்தான் செய்ய வேண்டும். இதில் எனக்கு ஒரு காயம் இருக்கிறது.

நம் ஊரில் ஒரே பிள்ளை 'எஸ். கார்த்திக்', 'கார்த்திக் எஸ்', 'கார்த்திக் சுப்பிரமணியம்' என்று மூன்று விதமாக வரும். பெயரை வைத்து ஒப்பிட முடியாது என்று, அப்பாவின் போன் எண்ணும் பிறந்த தேதியும் ஒன்றானால் ஒரே பிள்ளை என ஒரு பள்ளிக்கு நிபந்தனை எழுதிக் கொடுத்தேன். அறுபது இரட்டைப் பதிவுகளை அழகாகச் சேர்த்தது. அதில் ஒரு ஜோடி யு.கே.ஜி. படிக்கும் இரட்டைக் குழந்தைகள். அப்பா ஒருவர், போன் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. காலை ஆயாவுக்கு இரண்டு பேரையும் தெரியும், ஏற்றிக்கொண்டார். மாலையில் வேறு ஆயா. தாளில் இருந்த ஒரு பெயரைக் கூப்பிட்டார், ஒரு பிள்ளை ஏறியது. இன்னொன்று வகுப்பு மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றது. பஸ் கேட்டைத் தாண்டும் முன் மிஸ் பார்த்துவிட்டதால் அத்தோடு போயிற்று. அன்றிலிருந்து எந்த நிபந்தனையிலும் தானாகச் சேர்க்கும் வேலையை நான் வைப்பதில்லை. பட்டியலைத் தாளில் எடுத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன்.

தமிழில் எழுதிய ஸ்டாப்பிங் பெயர் கண்ணுக்கு ஒன்றாக இருக்கிறது, மென்பொருள் இரண்டு என்கிறது. எப்படி?

'கோயில்' என்ற சொல்லில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறி முழுவதும் ஒரே எழுத்தாக இருக்கலாம். அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனி எழுத்தாக இருக்கலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. யூனிகோடு நெறிப்படுத்தல் என்ற வசதி மென்பொருளிலோ இறக்குமதிக் கருவியிலோ இருந்தால் இதைச் சரி செய்துவிடும்.

அது சரி செய்யாத இன்னொன்று இருக்கிறது. 'கௌ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் கொம்பைப் போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தை அடிப்பவர்கள் உண்டு. கௌண்டம்பாளையம், கௌரி, கௌசல்யா எல்லாம் இதில் மாட்டும். இதைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குத் தனியாக ஒரு தேடல் வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

ஸ்டாப்பிங்கை ஒப்பிடப் பெயரைவிட எண் மேல். ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் மாறாத ஒரு எண் கொடுத்துவிடுங்கள். பெயர் படிக்கும் மனிதருக்காக மட்டும் இருக்கட்டும்.

முகவரிகளை மொத்தமாக வரைபடத்தில் பொருத்தினால் பாதிப் பேர் வேறு ஊரில் போய் விழுகிறார்கள்.

'காந்தி நகர்' என்று மட்டும் கொடுத்தால் அது திருப்பூரில் விழலாம், அடையாறில் விழலாம். பின்கோடு சேர்த்துக் கொடுங்கள். பொருத்தி முடித்ததும் மூன்று சோதனை செய்யுங்கள்.

பள்ளியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தவர்களைத் தனியே எடுங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியவர்களும் இதில் கிடைப்பார்கள். கோவை சுமாராக 11.02, 76.96. இரண்டையும் மாற்றிப் போட்டால் பிள்ளையின் வீடு ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே இருக்கும்.

அடுத்து, ஒரே புள்ளியில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். தெரு கிடைக்காதபோது கருவி பின்கோடின் நடுப்புள்ளியில் ஆளைப் போட்டுவிடும். சரவணம்பட்டி 641035 என்று கொடுத்த நாற்பது பிள்ளைகள் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால் அது அபார்ட்மென்ட் அல்ல, தோல்வி. கருவி 'வெற்றி' என்று பச்சையில் காட்டினாலும் நம்பாதீர்கள்.

மூன்றாவது, தசம இடங்கள். நாலு தசமம் இருந்தால் பத்துப் பதினோரு மீட்டர் துல்லியம். இரண்டு தசமம் மட்டும் இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போகும்.

உண்மையில் நம் பக்கம் பிள்ளைகள் வீட்டு வாசலில் ஏறுவதில்லை. பிள்ளையார் கோயில் எதிரில், பேக்கரி முனையில், ரேஷன் கடைத் திருப்பத்தில் ஏறுகிறார்கள். ஒரு வாரத்து ஜி.பி.எஸ். பதிவை எடுத்து, காலையில் பஸ் நின்ற இடங்களை ஸ்டாப்பிங் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முகவரி சொல்லாததை அது சொல்லும்.

அவிநாசி ரோடு ஸ்டாப்பிங்குகள் புது மேம்பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன.

2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு வந்த சிக்கல் இது. வரைபடத்தைப் புதுப்பித்துவிட்டு, 'ஸ்டாப்பிங்கைப் பக்கத்துச் சாலையில் ஒட்டு' என்று பேட்ச் ஓட்டினால், கருவிக்கு மேலே கீழே தெரியாது. மேம்பாலமும் கீழ்ச்சாலையும் ஒரே புள்ளியில்தான் இருக்கின்றன. மேலே ஒட்டினால் பஸ் மேலேயே போவதாக நினைத்து, நேரத்தையும் குறைத்துக் காட்டும். ஹோப் காலேஜில் நிற்க வேண்டிய பஸ் நிஜத்தில் பத்து நிமிடம் தாமதமாகும், பட்டியலில் சீக்கிரமாக இருக்கும்.

அந்தப் பாதையில் உள்ள ஸ்டாப்பிங்குகளை மட்டும் பூட்டி வையுங்கள். பூட்டும் வசதி இல்லையென்றால் பேட்சிலிருந்து விலக்கிவிட்டு, கையால் சர்வீஸ் ரோட்டில் வையுங்கள்.

காலை ரூட்டைத் தலைகீழாக்கி மாலை ரூட்டை உருவாக்கலாமா?

நேரம் மிச்சமாகும் என்று எல்லாரும் செய்கிறார்கள். செய்யுங்கள், ஆனால் அப்படியே விடாதீர்கள். நம் நாட்டில் பஸ் இடப்பக்கம் ஓடும், கதவும் இடப்பக்கம். காலையில் வீட்டுப் பக்கத்திலேயே ஏறிய பிள்ளையை மாலையில் சாலைக்கு எதிர்ப்பக்கம் இறக்கிவிடும். தெருவுக்குள் என்றால் பரவாயில்லை. சத்தி ரோட்டிலோ திருச்சி ரோட்டிலோ ஒரு ஏழு வயதுப் பிள்ளை தனியாகச் சாலையைக் கடக்க வேண்டி வரும். தலைகீழாக்கியதும், பெரிய சாலையில் உள்ள ஸ்டாப்பிங்குகளை எல்லாம் பட்டியலாக எடுத்து, அந்த ரூட் டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "இங்க இறக்குனா குறுக்க போகணுமா அண்ணா?" என்ற ஒரே கேள்வி போதும். ஒரு ரூட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். இந்த வேலையில் நான் ஒருபோதும் குறைக்காத கால் மணி நேரம் அதுதான்.

இரவில் ஓட வேண்டிய பேட்ச் காலையில் ஓடுகிறது.

சர்வர் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதில் இரவு ஒரு மணி என்று வைத்தால் இங்கே காலை ஆறரை. முதல் பஸ் கிளம்பும் வேளையில் பட்டியல் மாறும். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து வையுங்கள்.

பரீட்சைக்கு நேரத்தை மாற்றும்போது எதைக் கவனிப்பது?

காலாண்டு, அரையாண்டுப் பரீட்சையில் பெரிய வகுப்புகளுக்கு மட்டும் மணி நேரம் மாறும். ஒரே பஸ் முதல் ட்ரிப் போய்விட்டு வந்து இரண்டாம் ட்ரிப் எடுக்கும் பள்ளிகளில், ஒரு ட்ரிப்பை மட்டும் முப்பது நிமிடம் தள்ளினால் இரண்டும் மோதும். அப்போது ஒரு பஸ் ஒரே நேரத்தில் துடியலூரிலும் சிங்காநல்லூரிலும் இருப்பதாகப் பட்டியல் சொல்லும். நேரத்தைத் தள்ளியதும் பஸ் வாரியாக மோதல் அறிக்கை எடுங்கள்.

மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் ட்ரிப்பை அழிக்க வேண்டாம். நாட்காட்டியில் அந்த ஒரு நாளை மட்டும் அணைத்தால் போதும்.

பஸ் பட்டியலையும் இதில் சேர்த்துப் பராமரிக்க வேண்டுமா?

கட்டாயம். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், ஓடும் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்றும் மே மாதத்தில் கோவை பி.ஆர்.எஸ். மைதானத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் நினைவு வருகிறது.

மென்பொருளில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் முடியும் தேதிகளுக்கு இடம் இருக்கும். பல ஆபீஸில் அவை காலியாகக் கிடக்கின்றன. நிரப்பிவிட்டு, முப்பது நாளில் முடியப்போகிறவற்றை வாரம் ஒரு முறை எடுத்துத் தரும்படி பேட்ச் வையுங்கள். எஃப்.சி. முடிந்த பஸ்ஸை ரூட்டில் சேர்க்கவே முடியாதபடி தடுக்கும் வசதி இருந்தால், அதை இயக்கி வையுங்கள்.

எல்லா ரூட்டையும் கம்ப்யூட்டரே புதிதாகப் போட்டுத் தருமாமே?

தரும். 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களின் கணக்குமுறையால் சுமார் ஐம்பது பஸ்களைக் குறைத்தன. 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி அதே நாட்டின் லூயிவில் நகரில், புதிதாகப் போட்ட ரூட்டுகளோடு பள்ளி திறந்த முதல் நாளே கடைசிப் பிள்ளைகள் வீடு சேர இரவு பத்து மணி நெருங்கிவிட்டது. மறுநாளே பள்ளிகளை மூடி, ரூட்டுகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

என் கருத்து இது: ஒரே நாளில் எல்லா ரூட்டையும் மாற்றாதீர்கள். கம்ப்யூட்டர் கொடுத்ததில் இரண்டு ரூட்டை எடுத்து, விடுமுறையில் காலி பஸ்ஸை அதே காலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். பஸ் திரும்பாத சந்து, இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கும் ரயில்வே கேட் எல்லாம் அங்கேதான் தெரியும்.

ஓட்டிய பிறகு தப்பு தெரிந்தால் உடனே பேக்கப்பைத் திருப்பிப் போடலாமா?

இடையில் யாராவது வேலை செய்திருக்கிறார்களா என்று கேட்ட பிறகு. நேற்றிரவு எடுத்த பேக்கப்பைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் திருப்பிப் போட்டால், காலையில் கவுன்டரில் பதிந்த புது அட்மிஷன்கள் போய்விடும். பேட்ச் தொட்ட நெடுவரிசையை மட்டும் பேக்கப்பில் இருந்து எடுத்து நிரப்புவதே பெரும்பாலும் போதும்.

பாஸ்வேர்டை யாருக்கெல்லாம் கொடுப்பது?

பேட்ச் ஓட்டும் உரிமை இருவருக்கு மட்டும், தனித்தனிப் பெயரில். பிள்ளையின் வீடு, ஏறும் இடம், நேரம் மூன்றும் ஒரே கோப்பில் இருக்கிறது. அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

எல்லாம் சரியாக ஓடினாலும் டிரைவரிடம் இருக்கும் பட்டியல் பழையதாகவே இருக்கிறது.

தாளின் மேலே அச்சான தேதியும் நேரமும் வரும்படி செய்யுங்கள். புதுத் தாளைக் கொடுக்கும்போது பழையதைத் திரும்ப வாங்குங்கள், தூக்கிப் போடாதீர்கள். அதன் ஓரத்தில் ஆயா பென்சிலில் எழுதியிருப்பார்: "இவன் வியாழன் பாட்டி வீடு", "இந்தப் பாப்பா இப்ப அடுத்த ஸ்டாப்". அந்தக் குறிப்புகளை மென்பொருளில் ஏற்றிய பிறகுதான் அடுத்த பேட்ச். இல்லையென்றால் அடுத்த வாரம் அச்சாகும் தாளிலும் அவர் அதையே திரும்ப எழுத வேண்டியிருக்கும்.